மலை வீட்டுக்கு நான் சொன்ன குறைகள்

மலை என்பது காலண்டரில் தொங்க வேண்டிய பொருள். அதில் ஏறிக் குடியிருப்பது ஆட்டுக்கு அழகு, என்னைப் போன்ற அக்கவுண்டன்ட்டுக்கு அல்ல. இது என் கொள்கை. மலையில் வீடு வாங்கியே தீருவது என் மனைவியின் கொள்கை. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த முறை மூளையை உபயோகிப்பது என்று தீர்மானித்தேன்.

"வாங்கலாம்மா. ஆனா வீட்டைப் பரிசோதிக்கற ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவோம். மலை வீடு, விளையாட்டில்ல."

"நீங்க சொன்னா சரிங்க."

எதிர்ப்பேச்சே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். முப்பத்திரண்டும் தெரிய வரவேற்றார். பரிசோதகர் முதலில் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய், மண் சரியாமல் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணி வடியற ஓட்டை ரெண்டு அடைச்சிருக்கு. குத்தி விட்டா போதும்."

"போதுமா?" நான் பாய்ந்தேன். "மழை பெஞ்சா மலையே பெட்ரூமுக்குள்ள வந்து படுத்துக்கும்!"

பல் டாக்டரின் சிரிப்பில் நாலு பல் குறைந்தது.

பரிசோதகர் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். "கொஞ்சம் ஓடு நகர்ந்திருக்கு. மலைக்காத்துக்கு இது சகஜம்."

"இன்னிக்கு ஓடு நகரும், நாளைக்கு வீடே நகரும்! விடிஞ்சு பார்த்தா அடுத்த ஊர்ல இருப்போம்!"

"புகைபோக்கில பறவை கூடு கட்டியிருக்கு."

"ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கு! நாம எதுக்கு நடுவுல?"

இறங்கி வந்து வீட்டுக்குள் நுழைந்தார். "தரைக்கு அடியில லேசா ஈரம்."

"மெத்தையில காளான் முளைக்கும்!"

ஒவ்வொன்றுக்கும் என் மனைவி கன்னத்தில் கை வைத்து, "ஐயோ, அப்படியாங்க?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை இவ்வளவு கவனமாக அவள் கேட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிறீச்சிட்ட ஒரு கதவுக்கு மூட்டுவலி என்றுகூடச் சொன்னேன்.

"மொத்தத்துல வீடு கெட்டியா இருக்கு சார்," என்றார் பரிசோதகர். அவரை யார் கேட்டார்கள்?

"வேண்டவே வேண்டாம். வா போகலாம்!"

"இவரே சொல்லிட்டாரு. அப்ப வரோம் டாக்டர்," என்று அவள் பெருமூச்சு விட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். என் மனசு குத்தாட்டம் போட்டது.

பல் டாக்டர் ஓடிவந்து மறித்தார். "அம்மா, இருங்க! சார் சொன்ன அத்தனையையும் நானே சரி பண்ணித் தரேன். சுவர், ஓடு, புகைபோக்கி, அந்த மூட்டுவலிக் கதவு உட்பட!"

"அப்ப சரி," என்றாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே அட்வான்ஸ் கவர் தயாராக இருந்தது.

இறக்கத்தில் மூச்சு வாங்கக் கேட்டேன். "நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"அதுக்குத்தாங்க உங்களைக் கூட்டிட்டு வந்தேன். எனக்கு வீடு பிடிச்சுப்போச்சு, ஆசையை மூஞ்சில வச்சுக்கிட்டு பேரம் பேச முடியுமா? தினம் என் காபில குத்தம் கண்டுபிடிக்கற வாய்க்கு முன்னாடி யார் நிக்க முடியும்?"

"பரிசோதகர் வேணும்னது என் யோசனையாச்சே!"

"ஆமாங்க. நீங்களா எப்பச் சொல்வீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

நான் நடுவழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பரிவோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"தொண்டையைப் பத்திரமா வச்சுக்கங்க. மலை ஏற கார் வேணுமில்ல, நாளைக்குப் பார்க்கப் போறோம்."