எருமைக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றிய படலம்

வாழ்க போல்ட்டார்! கிரீஸ் மணக்கும் திருக்கரத்தார், மலையனைய லாரிகளின் உள்வயிற்று நோயைக் காது வைத்தே கண்டறியும் செவிச்செல்வர், துருவேறிய நட்டுகள் காலடியோசை கேட்ட மாத்திரத்திலேயே கழன்று விழும் பேராற்றலர், தாம் இறுக்கியதைப் பிறர் எவரும் திறந்ததில்லை என்னும் ஒப்பற்ற புகழுக்கு உரியவர், வாழ்க! அவர் ஏந்திய ஸ்பேனர் வாழ்க! எத்தனை சோப்புக்கும் அசையாமல் அவர் சட்டையில் வீற்றிருக்கும் ஆயில் கறை வாழ்க! லாரி ஓட்டுநர்கள் அவரைப் போல்ட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் காவியம் மரியாதை தெரிந்த காவியமாதலால் போல்ட்டார் என்றே சொல்லும்.

சொல்லுக்குரிய தெய்வமே, சற்று இந்தப் பக்கம் வா. மலையைப் பெயர்த்தவனையும் கடலைத் தாண்டியவனையும் பாடிப் பாடி உனக்கும் அலுத்திருக்கும். இன்று ஒரு சாப்பாட்டு மேசையின்மேல், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் காலைக்கும் மாலைக்கும் இடையே, ஒரு மனிதர் ஒரு பழைய லேப்டாப்போடு பொருத கதையைப் பாட வேண்டும். உட்கார நாற்காலி கேட்காதே, எல்லாவற்றிலும் ஸ்க்ரூ கிடக்கிறது.

அந்த லேப்டாப்பின் பெயர் எருமை. உலோகக் கவசம் பூண்டு, மூலைதோறும் ரப்பர்க் காப்பு அணிந்து, தூக்கிச் செல்லக் கைப்பிடியும் பக்கவாட்டுத் துளைகளுக்கெல்லாம் தூசி புகாத மூடிகளும் கொண்டு, மழையில் நனைந்தும் மசியாமல், லாரிப் படியிலிருந்து உருண்டும் உடையாமல், ஒருமுறை டிராக்டர் டயரே ஏறி இறங்கியும் ஓரத்தில் லேசாக நெளிந்ததோடு நின்ற அந்த மாவீர யந்திரத்துக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. எழுப்பினால் எழுந்திருக்காது. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போகலாம். குளித்து, தலை துவட்டி, சட்டை மாட்டி, காணாமற்போன செருப்பின் ஒற்றையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாலும், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது.

அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. வேறொருவர் பட்டறையில் கைகட்டி நின்ற காலத்தை முடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாகப் பட்டறை போட்டபோது அவர் வாங்கிய முதல் பொருள் அது. அதன் ஒயரை இன்ஜினில் மாட்டினால் எந்த இன்ஜினுக்கு எங்கே கோளாறு என்று எழுதிக் காட்டும். லாரி பார்க்கக் கம்ப்யூட்டரா என்று ஊரே சிரித்தபோதும் அவர் சொன்னதை எருமை ஒருநாளும் பொய்யாக்கியதில்லை. அவர் அதை நேசித்தார். வெளியில் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

இந்நிலையில் எதிரிநாட்டு மன்னன் எழுந்தான். அவன் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. விரல் கனமே உள்ள புத்தம்புது லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியவன், திறந்த கணத்தில் அது ஒளிவிடுவதை ஊரார் பார்க்கும்படி அடிக்கடி திறந்து மூடுபவன். போல்ட்டாரின் பட்டறை வாசலில் நின்று ஓட்டுநர்கள் நால்வர் கேட்க அவன் செய்த பிரகடனம் இது:

"மாமா, இதைக் கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வைங்க. இன்ஜின் பாக்குற வேலையை இனிமே என்கிட்ட விட்டுருங்க."

வீட்டுக்குள் மனைவி தீர்ப்பு எழுதினாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பி வர்றான். அதுக்குள்ள இது ஒழுங்கா எழுந்தா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவோம். அவனே இன்ஜின் பாக்கட்டும்."

அதன் பொருள் போல்ட்டாருக்கு விளங்காமல் இல்லை. இன்ஜின்களின் நாடியை இனி மச்சினன் பிடிப்பான். இவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்க வேண்டும்.

எனவே போர் மூண்டது. உள்ளே சுழலும் தட்டோ முனகும் முள்ளோ இல்லாத, சீட்டுக்கட்டைவிட மெலிந்த ஒரு புதிய எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை அவர் வாங்கி வந்தார். கடைக்காரர் கொடுத்த ஒயரை மாட்டி, பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதில் நகலெடுக்கும் திருப்பணி முதல்நாளே முடிந்தது. கடைக்காரர் நல்லவர். "பழசைக் கழட்டுறது ரொம்ப சுலபம்ணே, அதுல பக்கத்துலயே..." என்று தொடங்கினார். யாரிடம்? எதைக் கழற்ற? போல்ட்டார் திருக்கரத்தை உயர்த்தினார். கடைக்காரர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. கதிரவன் சன்னல் கம்பிகளில் ஏறி நின்று எட்டிப் பார்க்க, காலை உண்ட தட்டுகள் கழுவுதொட்டியை நோக்கிப் புறமுதுகிட்டு ஓட, போல்ட்டார் சாப்பாட்டு மேசைமீது பழைய பெட்ஷீட்டை விரித்து, ஸ்க்ரூ டிரைவர்களை உயரவாரியாக அணிவகுத்து நிறுத்தி, வீடு அதிர முழங்கினார்:

"சாயங்காலம் வரைக்கும் இந்த மேசைப் பக்கம் யாரும் வரக் கூடாது! ஃபேன் போடக் கூடாது! தும்மணும்னா வெளிய போய்த் தும்முங்க!"

வீட்டில் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவள் தும்மவில்லை.

முதலில் பேட்டரியைப் பிடுங்கினார். பின் எருமையைக் குப்புறக் கவிழ்த்து, அதன் அடிவயிற்றுக் கோட்டையை முற்றுகையிட்டார். போல்ட்டாரின் போர்முறை தனிச்சிறப்புடையது. கழற்றிய ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே டப்பா மூடிகளில் இட்டு, மூடிகளைச் சூரியனைச் சுற்றிய கோள்களைப் போல் மேசையெங்கும் நிறுத்துவார். அதற்காகச் சமையலறை டப்பாக்கள் அனைத்தும் அன்று மூடியிழந்து நின்றன.

நெட்டையும் குட்டையுமாய், கறுப்பும் வெளுப்புமாய், பசை போட்டு ஒட்டியவையும் பாசி படிந்தவையுமாய் அந்த ஸ்க்ரூப் படை ஒவ்வொன்றாக வீழ்ந்தது. ஒன்று மட்டும் தலை தேய்ந்து பிடி கொடாமல், திருப்பினால் திரும்புவதுபோல் நடித்து அதே இடத்தில் நின்று எள்ளி நகையாட, போல்ட்டார் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, முழங்கையை மேசையில் ஊன்றி, தம் மூதாதையர் அனைவரின் பலத்தையும் மணிக்கட்டில் வரவழைத்து ஒரு திருப்புத் திருப்பினார்; அது துள்ளிக் குதித்து, தரையில் உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் தஞ்சம் புகுந்தது. விடுவாரா? இன்ஜின்களை நடுங்க வைத்த அப்பெருமகனார் தரையில் கன்னம் பதியப் படுத்து, விளக்குமாற்றுக் காம்பை ஈட்டியாக்கித் துழாவி, ஒரு வெங்காயத் தோலையும் எப்போதோ தொலைந்த பேனா மூடியையும் சிறைப்பிடித்த பிறகே அந்த ஓடுகாலியைப் பிடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அடித்தகடு பெயர்ந்தது. கீபோர்டு கழன்றது. ஃபேன் வெளியே வந்தது. எதைத் தொட வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் தொட்டார். உச்சிவேளை கடந்தபோது எருமையின் உட்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தது. ஓர் ஓரத்தில் வழுவழுப்பான ஒரு தகரப் பெட்டி. பகைவன் அதற்குள்தான் இருந்தான்.

ஆனால், ஐயகோ! அந்தப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூவும் இல்லை.

போல்ட்டார் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். எருமையைச் சாய்த்தார், குலுக்கினார், அடியில் குனிந்தார். ஸ்க்ரூ இல்லவே இல்லை. எதிர்த்து நிற்பவனோடு போரிடலாம். எதிர்க்கவே ஆளில்லாத கோட்டையை என்ன செய்வது? உலகம் நட்டாலும் போல்ட்டாலும் ஆனது, திருப்பினால் திறக்கும் என்னும் ஒரே நம்பிக்கையில் வாழ்க்கையை ஓட்டியவர் அவர். "கையால தொறக்குறதெல்லாம் சோப்புப் பெட்டி" என்பது பட்டறையில் அவர் அடிக்கடி அருளும் திருவாக்கு. மச்சினனின் முகம் கண்முன் வந்து பல்லைக் காட்டியது. ஓட்டுநர்கள் நால்வரும் பின்னால் நின்று சிரித்தார்கள். தம் கையில் டார்ச் இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்து, அவசரமாகக் கீழே வைத்தார்.

கடைசியில் எந்த வீரனும் எடுக்கத் தயங்கும் முடிவை அவர் எடுத்தார். தகரம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவரப் பட்டறைக்குப் புறப்பட்டார். போகும்போது எருமையின் முதுகை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

அவ்வேளையில், சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது. எனவே அதன் மூடியை மீட்டுவரும் பொருட்டு, தடைசெய்யப்பட்ட போர்க்களத்துக்குள் மனைவி காலடி வைத்தாள். சர்க்கரை மூடி எருமையின் மறுபுறம் இருந்தது. எட்டி எடுப்பதற்காக அவள் எருமையைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்தினாள். பெருவிரல் பட்ட இடத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் வழுக்கியது. டக் என்று ஒரு மூடி திறந்தது. உள்ளே ஒரு வார் நுனி தலைநீட்டியது. அவள் இழுத்தாள்.

வாயில் நுரை தள்ள, கண்கள் சிவக்க, இரு கை நீளக் கத்தரியை ஏந்தி, "விலகு!" என்று சொல்ல வாய் திறந்தபடி போல்ட்டார் உள்ளே பாய்ந்தபோது, அவருடைய மனைவி ஒரு கையில் மேசை துடைக்கும் துணியும் மறுகையில் ஹார்ட் டிஸ்க்குமாக நின்றிருந்தாள்.

"இதைத்தான் தேடுறீங்களா?"

கத்தரி மெல்லத் தாழ்ந்தது.

"யாரு தொறந்தது?"

"நான்தான். இதைத் தள்ளினேன், தொறந்துச்சு. இந்த வாரை இழுத்தேன், வந்துருச்சு."

"கையாலயா?"

"கையாலதான்."

எல்லா மூடிக்குள்ளும் பிளக் செருகும் துளைதான் இருக்கும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தவர் போல்ட்டார். மனைவி மூடிகளைப் பார்த்தாள், மேசை நிறையக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தாள், கத்தரியைப் பார்த்தாள். டிஸ்க்கை அவர் கையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் அங்கே பாத்திரங்கள் காரணமில்லாமல் உருளும் சத்தம் கேட்டது. சிரிப்பை மறைக்க அது போதவில்லை.

ஆயினும் போர் முடியவில்லை. பழைய டிஸ்க்கின் வாயில் நாடா போன்ற ஒரு மெல்லிய கேபிள் ஒட்டியிருந்தது. அதை அலுங்காமல் உரித்துப் புதியதில் பொருத்த வேண்டும். கிழிந்தால் மாற்றுக் கிடைக்காது, எருமைக்கு அதோடு சமாதி. ஆக்சில்களை அசைத்த விரல்கள், இன்ஜின்களைத் தூக்கிய தோள்கள், எல்லாம் இப்போது ஒரு நாடாவின் முன் மண்டியிட்டன. திருப்ப எதுவும் இல்லை, இறுக்க எதுவும் இல்லை. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பதுபோல், நகத்தின் நுனியால், அவர் அதை எடுத்தார். கிழியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகப் போல்ட்டார் ஒன்றை இறுக்காமல் பொருத்தினார்.

பின்னர் ஃபேன் திரும்பியது, கீபோர்டு அமர்ந்தது, மூடி மூடியாக ஸ்க்ரூக்கள் தத்தம் பழைய மனைக்குக் குடிபுகுந்தன. புதிய டிஸ்க் பக்கவாட்டு வாசல் வழியே நுழைந்தது. தாழ்ப்பாள் டக் என்றது. பேட்டரி ஏறியது. போல்ட்டார் பொத்தானை அமுக்கினார். பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கத் திரும்பினார்.

திரும்புவதற்குள் எருமை விழித்தது. முனகலில்லை, முணுமுணுப்பில்லை, சுற்றும் வட்டம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. இன்ஜின் படிக்கும் அந்தப் பழைய நீலத் திரை பளிச்சென்று வந்து நின்றது. போல்ட்டார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை இல்லை.

அந்தி சாய, கக்கத்தில் லேப்டாப்போடு மச்சினன் வந்தான். போல்ட்டார் எருமையை முழுதாக நிறுத்தி, மீண்டும் எழுப்பிக் காட்டினார். மச்சினனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"மாமா! இதைப் போய் எப்படித் தொறந்தீங்க? இந்தக் கவசத்தைக் கழட்டுறது பெரிய வேலையாச்சே?"

வென்ற வீரரின் மானம், சூடிய வாகை, இதுவரை பாடிய இந்தக் காவியம், அனைத்தும் ஒரு நூலில் தொங்கின. அந்த நூல் மனைவியின் கையில் இருந்தது. அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். போல்ட்டார் தம் வாழ்நாளில் எந்த லாரி முதலாளியிடமும் காட்டாத பணிவோடு அவளைப் பார்த்தார்.

"லேசுப்பட்ட வேலை இல்லடா," என்றாள் அவள். "காலையிலேர்ந்து குனிஞ்ச தலை நிமிரல. எத்தனை ஸ்க்ரூ தெரியுமா? வேற யாரா இருந்தாலும் உடைச்சுருப்பாங்க. உங்க மாமா கைக்குத்தான் அது தொறந்துச்சு."

முழங்குக பேரிகை! ஊதுக சங்கம்! பொழிக பூமழை! கோட்டை பிளந்த கோமகனார், நாடாவைக் கிழியாது காத்த நயவிரலார், உறங்கும் எருமையை ஒரு சொடுக்கில் எழுப்பிய உத்தமர், மச்சினர் தலைவணங்க, ஓட்டுநர் குலம் புகழ் பாட, திசையெட்டும் கொடி நாட்டி, இல்லத்தரசியின் திருமுகம் நோக்கி வெற்றிப் புன்னகை பூத்தருளிய அந்தப் பொன்னான வேளையில், அவ்வம்மையாரும் பதிலுக்கு இனிமையாகப் புன்னகைத்து, சமையலறைக் கதவோரத்தை விரலால் சுட்டிக்காட்ட,

போல்ட்டார் எழுந்து போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தார்.