குளிர்க்காட்டேரிக்கு ஆகாத கொசுவலை

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் அந்த வருஷம் கத்தரிக்காயைவிட வேகமாக விற்றது கறுப்புக் கயிறுதான். பொள்ளாச்சி பஸ் நிற்பதற்குள் குதித்து, ஜனங்கள் வாய்க்கால் மேட்டிலிருந்த சடையப்ப சாமியின் குடிசைக்கு ஓடினார்கள். ஊரெல்லாம் குளிர்காய்ச்சல். ஒரு நாள் ஆட்டிவைக்கும், மறுநாள் விட்டுவிடும். இது குளிர்க்காட்டேரியின் வேலை என்று சொல்லி, ஒரு சேவலை வாங்கிக்கொண்டு, சாமி அந்த விடுகிற நாளாகப் பார்த்துக் கையில் கயிறு கட்டுவார். "இன்னைக்குக் காட்டேரி வராது பாரு" என்பார். வராது. அடுத்த நாள் வந்தால் உன் பக்தி போதவில்லை, இன்னொரு சேவல் கொண்டு வா. காய்ச்சலின் விடுமுறை நாளிலேயே அதை விரட்டிய மகான் அவர்.

கொசுவலை கட்டிக் காய்ச்சல் நின்றால் சேவலும் நிற்குமே. அதனால் சாமிக்குப் புதிதாக அருள்வாக்கு வந்தது.

"நாலு குச்சி நட்டு வெள்ளைத்துணி கட்டி உள்ள படுக்கறது யாரு? பொணம். கொசுவலை கட்டுன ஊட்டைத் தேடித்தான் காட்டேரி வருது. அவுத்துக் கொண்டாங்க, சுட்டுக் கழிச்சர்லாம்."

ரத்தினசாமி விதைக்கடலை வாங்கினால் உடைத்துப் பார்த்து, கடித்துப் பார்த்து, கடைக்காரன் உயிரை எடுப்பவன். சாமி சொன்னதை உரசிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு வலையைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

அவன் மனைவி கருப்பாத்தாளுக்குப் பயம் பிடித்தது. மூத்த மகள் அந்தக் காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்து, இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். கொசு கடித்துத்தான் வருகிறது, வலை கட்டிப் படுங்கள் என்று நர்ஸ் சொல்லி வாங்கிய வலை அது. அதற்குள்ளேதான் கைக்குழந்தையும் தூங்கும்.

"ஏனுங்க, கைப்புள்ளைக்கும் வந்துட்டாத் தாங்குமாங்க?"

"அதான் கயிறு கட்டியிருக்குதல்ல. சும்மா இரு புள்ள."

மறுநாள் விடிந்தபோது குழந்தையின் கன்னமெல்லாம் கொசுக்கடி. கயிறு கட்டிய கையிலும் கடி. கருப்பாத்தாளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. பொழுது சாயக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு நடந்தாள். ரத்தினசாமி பின்னாலேயே ஓடினான். வாசலில் வழக்கமான கூட்டம்.

அவள் யாரையும் கேட்காமல் படலைத் தள்ளினாள். சுட்டுக் கழித்ததாகச் சொன்ன வலைகள் சாமியின் கட்டிலைச் சுற்றி அடுக்கடுக்காகத் தொங்கின. உள்ளே சாமி கோழிக்கறியோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

"காட்டேரியை உள்ள கட்டிப் போட்டுக் காவல் காக்கறேன்" என்றார். பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாவம், பழக்கதோஷம்.

"நல்லதுங்க சாமி," என்றாள் கருப்பாத்தாள். "எங்களுக்குச் சொன்னாப்பல நீங்களும் கயித்தை மட்டும் கட்டிட்டு, வலையில்லாம இந்த வாய்க்கா மேட்டுல உக்காருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீன்னா ஊர்ல மிச்சமிருக்கற வலையெல்லாம் நானே அவுத்துக் கொண்டாந்து தர்றனுங்க."

கூட்டம் சாமியைப் பார்த்தது. வேறு வழியில்லை. முழங்கை வரை கயிறு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியதும் வாய்க்காலிலிருந்து கொசு கிளம்பியது. சாமி மந்திரம் சொன்னார், தொடையில் அடித்தார். மந்திரம் குறைந்து அடி கூடியது.

"சாமி என்னுங்க, தாளம் போடறீங்க?" என்று முன்வரிசையிலிருந்த குப்பண்ணன் பயபக்தியோடு கேட்டார்.

சாமி எழுந்துவிட்டார். "போதும், வலையைக் கொண்டாங்கடா. போன வருசம் இதே காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தவன் நான். இன்னொருக்கா வந்தாத் தாங்காது."

"எது கடிச்சு வருதுங்க சாமி?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

"கொசு கடிச்சுத்தான். வேற எது கடிச்சு வரும்?"

சொன்ன பிறகுதான் சாமிக்கு உறைத்தது. முதலில் சிரித்தவர் குப்பண்ணன்தான். ஆளாளுக்குத் தங்கள் வலையை உருவத் தொடங்கியபோது சாமி கடைசி பஸ்ஸைப் பிடிக்க வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். ரத்தினசாமி வீட்டுக்கு வந்து வலையைக் கட்டினான். குழந்தையை உள்ளே விட்டு, ஓரத்தைப் பாய்க்கு அடியில் அவனே செருகினான்.

கொசுவுக்குக் கடுகளவு மூளைகூடக் கிடையாது. ஆனாலும் வலையைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே ஓட்டை என்று பார்க்கிறது. சாமியார் பேச்சை அப்படி ஒரு தரம் சுற்றிப் பார்க்க நமக்கு என்ன கேடு?