உப்பங்கழி ஓரத்து முப்பது சென்ட்

கோட்டக்குப்பம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ஷேக் தாவூத் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் யூசுப் அலி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு ஜமீலா நலம், மகள் ஃபஸீஹா நலம், ஆடு இரண்டும் நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான். வாட்ஸ்அப்பில் சொன்னால் சிரிக்கிற பொம்மையை அனுப்புவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

பதினேழு வருடம் துபாய் வெயிலில் உழைத்து, உப்பங்கழி ஓரம் நான் வாங்கிப் போட்ட முப்பது சென்ட் உங்களுக்குத் தெரியும். ஃபஸீஹாவுக்கு அங்கேதான் வீடு என்று சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நிக்காஹுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. கட்ட அனுமதி கேட்டால் நோட்டீஸ் வருகிறது, அது சதுப்பு நிலமாம், ஒரு செங்கல் வைக்கக்கூடாதாம், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் தெரிவிக்க வேண்டுமாம். அன்றிலிருந்து உட்கார முடியவில்லை மச்சான். சோற்றைப் பாதியில் விட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் நிலத்துக்கே போய்விடுகிறேன். பட்டா என் பேரில், வரி கட்டுவது நான், தண்ணீருக்கு மட்டும் வேறு சொந்தக்காரனா?

நோட்டீஸ் அனுப்பிய திண்டிவனம் அலுவலகத்துக்குப் போனேன். கிளியனூர் வரை பஸ்ஸில் இடமில்லை, அதற்குப் பிறகு இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அதிகாரி ஆரோக்கியசெல்வி தங்கமான பெண். "அது கட்டாந்தரைம்மா, ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது" என்றேன். அந்தப் பெண் ஒரு ஃபைலைப் பிரித்தது. உள்ளே ஒன்பது மனுக்கள். எல்லாம் நான் எழுதியவை! வடிகால் வெட்டித் தரச்சொல்லி வருடா வருடம் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தேனே, அவைதான். 'பன்னிரண்டு மாதமும் இடுப்பளவு தண்ணீர், நாரைகள் குடியேறிவிட்டன, கெளுத்தி துள்ளுகிறது' என்று கொஞ்சம் அழுத்தி எழுதியிருந்தேன். கைலியை மடித்துக் கட்டி தண்ணீரில் நிற்கிற போட்டோ வேறு.

"இது உங்க கையெழுத்துதானேங்க?"

"கையெழுத்து நம்முளுதுதாம்மா. தண்ணி நம்முளுது இல்ல" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்ச் சிரித்தார்.

நேரில் வந்து பார்க்கிறேன் என்றது அந்தப் பெண். உடனே நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சின்னக்கண்ணுவிடம் நாரைகளை விரட்டச் சொன்னேன். நான்கு நாள் கழித்துப் போய்க் கேட்டால், "நானும் நாலு நாளா வெரட்டிக்கினுதான் கீறேன் பாய். அது பொறந்ததே இங்க, வேற எங்க போவும்?" என்று நாரைகளுக்காக என்னிடமே வாதாடினான். காய்ந்த நிலம் என்று காட்ட மல்லாட்டை விதைத்தோம், போட்ட கடலை நான்கே நாளில் அழுகிவிட்டது. மணல் கொட்டினோம், மணல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆய்வுக்கு வந்த ஆரோக்கியசெல்வி இரண்டாவது அடியிலேயே ஒரு செருப்பைச் சேற்றில் விட்டது. வீட்டுக்கு அழைத்துவந்து சமாதானம் செய்யலாம் என்று பார்த்தால், வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத உங்கள் தங்கை மீன் வறுத்துக்கொண்டு வந்து, "சாப்புடும்மா, நல்லா ஃப்ரெஷ்ஷு. காலையிலதான் நம்ம நெலத்துல புடிச்சிகினு வந்தாங்க" என்றாள்.

அந்தப் பெண் இரண்டு துண்டு சாப்பிட்டது, குறிப்பும் எழுதிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். மகளுக்குச் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்ற முடியாதவனா நான்?

அடுத்த மாதம் விசாரணை. அந்த நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு ஜல்தி அனுப்புங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கெட்டியான தரையும் தருவானாக. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
யூசுப் அலி

பி.கு.: கவரை ஒட்டியபிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். பத்திரம் வேண்டாம். நேற்றுப் பெய்த மழையில் தெருவெல்லாம் தண்ணீர். பொறுக்க முடியாமல் வடிகால் கேட்டு ஒரு மனு எழுதினேன். எழுதுகிற வேகத்தில், 'கழியோரத்து என் மனையிலும் கழுத்தளவு நிற்கிறது' என்று சேர்த்துவிட்டேன். ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. ஃபஸீஹா சிரித்து, "பேஜாரு வுடுங்கத்தா, வூடு வேணாம், ஒரு படகு வாங்கிக் குடுங்க" என்கிறாள். படகு கட்டிவைக்க அனுமதி கேட்டு இப்போதுதான் மனு எழுதி முடித்தேன்.