காத்து புரோக்கர்

பொய்யை இவ்வளவு நாணயமாகச் சொன்ன மனிதரைத் தாம்பரத்துக்குத் தெற்கே யாரும் கண்டிருக்க முடியாது.

எண்பதுகளின் கடைசியில் பெருங்களத்தூர் பக்கம் மனை வாங்கிய எங்களுக்கெல்லாம் அவர் 'காத்து புரோக்கர்'. ஆட்களைச் சாயங்காலம்தான் கூட்டி வருவார். மனைகளுக்கு மேலே, மேட்டில், முந்திரியும் வேம்புமாக ஒரு தோப்பு. அதற்குள் புகுந்து வரும் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்.

"இன்னா சார், காத்து எப்டி கீது? ஊட்டில இதுக்கு டிக்கெட் வாங்கணும்!"

பொதுக் கிணற்றில் குனிந்து சொம்பாலேயே மொண்டு குடித்துக் காட்டுவார். அந்தப் பேச்சில் நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

பிறகு தோப்புக்காரர் பாதித் தோப்பை வெட்டி மனை போட்டார். விற்றுக் கொடுத்தவரும் இவரே. அடுத்த கோடையில் கிணற்றுக் கயிறு போதாமல், என் மனைவி துணி காயும் கொடியை அவிழ்த்து முடிச்சுப் போட்டாள். ஐப்பசி மழையில் மேட்டு மண் செங்குழம்பாக இறங்கி வந்து எங்கள் கூடத்தில் குடியேறியது.

தெருவே திரண்டு, தெருக்கோடியிலிருந்த புரோக்கர் வீட்டுக்குப் போனோம். அவர் முழங்கால் சேற்றில் நின்று தன் வீட்டு ஸ்டவ்வைத் தேடிக்கொண்டிருந்தார்.

"திட்டுங்க சார். என் வூட்டம்மா காலையிலேர்ந்து திட்டிக்கினுதான் கீது. மரம் மண்ணைப் புடிச்சிக்கினு நின்னுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? காத்துக்குன்னுல்ல நெனச்சேன்!"

மீதித் தோப்பை விற்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. இப்போது ஆட்களை உச்சி வெயிலில் கூட்டி வந்தார்.

"நல்ல எடம் சார். பாம்பு மட்டும் கொஞ்சம் கீது." அசையவில்லையென்றால், "வண்டலூர்ல சிங்கம் கத்துச்சுன்னா இங்க கொயந்திங்க தூங்காது."

இரண்டுக்கும் அசையாத ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரரிடம் குரலைத் தாழ்த்தினார்: "அந்த வேப்பமரத்துல ஒரு அம்மா கீறாங்க. நல்லவங்கதான். ஆம்பளைங்கள மட்டும் புடிக்காது."

போலீஸ்காரர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

விஷயம் தெரிந்து தோப்புக்காரர் அவரைக் கைகழுவினார். தரகு போய், ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தார். ஆனால் வேப்பமரத்து அம்மாவின் புகழ் பரவி, வேறு புரோக்கர்களாலும் அந்தத் தோப்பை விற்க முடியவில்லை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால், கதையைக் கட்டிவிட்ட அவரே சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

மீதி மரங்கள் நின்றதால் மண் சரிவது குறைந்தது. கோடையிலும் கிணறு அடியில் கொஞ்சம் ஊறிக்கொண்டிருந்தது. விடிகாலையில் வரிசையில் நிற்கும்போது என் மனைவிதான் எல்லோரையும்விட உரக்கத் திட்டுவாள்: "புளுகுமூட்டை! இந்தப் புரோக்கர் பேச்சைக் கேட்டு வந்து மாட்டிக்கிட்டோம்!"

திட்டிக்கொண்டே, முதல் குடத்தை அவர் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் எங்களுக்கு இறைக்கப் போவாள்.