பழுப்புத்தாள் போட்ட நானூறு புத்தகங்கள்

புத்தகத்தை வாங்கிப் படிக்கிறவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. வாங்கி அடுக்குகிறவன் இருக்கிறானே, அவனை வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து. நான் அந்த ரகம். (படித்தது நாற்பது தேறினால் அதிகம்.)

எங்கள் மேலகரத்தில் சாரல் காலத்தில் செருப்பே பூசணம் பிடிக்கும், புத்தகம் தப்புமா? அதனால் நானூறு புத்தகத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பழுப்புத்தாள் அட்டை போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, முதுகில் நம்பர் போட்டேன். பெயர் எழுதவில்லை. எழுதினால் அழகு கெட்டுவிடுமாம்! எந்த நம்பர் என்ன புத்தகம் என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு, அதுவும் மைப்பேனாவில். மனைவி செல்வியின் டிகிரி சர்டிபிகேட் இருந்த ஃபைலிலும் பூசணம் தெரிந்தது. அதை எடுத்து ஒரு புத்தகத்தின் அட்டைத்தாளுக்குள் செருகி, நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டேன். என்ன ஒரு புத்தி!

சீசனுக்கு வந்த செல்வியின் அண்ணன், ஒரு நாள் காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அலமாரி மேல் போட்டார். நோட்டும் அங்கேதான் கிடந்தது.

எட்டு மணிக்குச் செல்வி சர்டிபிகேட்டைக் கேட்டாள். ஆறு வருடம் பரீட்சை எழுதிக் கிடைத்த அரசு வேலை. பதினொரு மணிக்குத் தென்காசியில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லையென்றால் வேலை போச்சு.

நோட்டைத் தூக்கினேன். ஊதாத் தண்ணீர் சொட்டியது.

"என்னங்க, எந்தப் புத்தகம்னாவது ஞாபகம் இருக்கா?"

"பழுப்பு அட்டை போட்டது..."

அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏன் மாப்ள, நம்பர் போட்ட கையோட பேரையும் எழுதியிருக்கலாம்லா?"

"நீங்க துண்டக் கொடியில போட்டிருக்கலாம்லா மச்சான்!"

"ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் போடுங்க. இப்பம் கிழிங்க!" என்று செல்வி கத்தினாள்.

மூன்று பேரும் கிழித்தோம். டேப் ஒட்டிய கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்தேகாலுக்கு, முந்நூறு புத்தகம் தாண்டி, ஒரு சமையல் புத்தகத்திலிருந்து அது விழுந்தது, நான்காக மடித்தபடி.

"மடிச்சா வச்சீங்க?" என்றவள் அழுதே விட்டாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

சரிபார்த்த அதிகாரி மடிப்புகளை நீவிவிட்டு, "யாரும்மா இந்தக் காரியம் பண்ணுனது?" என்றாராம். செல்வி ஜன்னல் வழியாக என்னைக் காட்டினாளாம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, உடனே கையெழுத்துப் போட்டாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சீப்பு காணாமல் போனால்கூட மச்சானிடமிருந்து போன் வந்துவிடுகிறது: "மாப்ள, கிழிக்க ஆள் வேணுமா?"

வேலைக்கான ஆர்டர் வந்த அன்று செல்வியிடம் ஆசையாகக் கேட்டேன்.

"ஆர்டர எங்கன வச்சிருக்க?"

"பத்திரமா இருக்கு."

"அதான் எங்கன?"

"உங்ககிட்ட சொன்னா அது எப்படிங்க பத்திரமா இருக்கும்?"

மூன்று வருடம் ஆகிறது. அவள் அண்ணனுக்குத் தெரியுமாம். எனக்கு இன்னும் சொல்லவில்லை.