ஆறு சிலிண்டர்களை வரிசைப்படுத்தியது குறித்து அத்தானுக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்காவும் சௌக்கியம். மகன் வீட்டிலிருந்து நீங்களும், அங்கே வைத்து மாற்றிய உங்கள் புது முழங்காலும் விமானத்தில் சேதாரமில்லாமல் வந்து இறங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த நலம் விசாரிப்பையெல்லாம் தாண்டி உங்கள் கண் 'கார்' என்ற சொல்லைத்தான் தேடும் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் நலம். கொட்டகையில் உறை போர்த்தி, நீங்கள் விட்ட இடத்தில் விட்டபடியே நிற்கிறது. ஓர் அங்குலம் நகரவில்லை. உங்களை வீட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஓட்டுநர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கொட்டகைக் கதவைத் திறப்பதற்கு முன் ஓரிரு விவரங்களை நீங்கள் தெரிந்துகொள்வது எல்லோர் உடம்புக்கும் நல்லது.

புறப்படும்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் வர்றப்ப முதல் திருப்புலயே ஸ்டார்ட் ஆகணும். இல்லேன்னா மருந்துக்கடைக்காரருக்குத் தள்ளிவிட்டுடுவேன்" என்றீர்கள். அந்த மருந்துக்கடைக்காரர் இந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எச்சில் விழுங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும், சாவியைத் திருப்பலாமே தவிர ஸ்டியரிங்கை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னீர்கள். 'யாரும்' என்றபோது நீங்கள் அக்காவைப் பார்த்தீர்கள். அக்கா உங்கள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். வண்டி விற்றுப்போகக் கூடாது என்பதில் உங்களைவிட அவளுக்குத்தான் கவலை அதிகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் வாரம் பானட்டைத் திறப்பதற்கே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. உலகத்தில் உள்ள கார்களுக்கெல்லாம் பானட் முன்னாலிருந்து மேலே எழும்பும், இந்த ஜெர்மன்காரன் மட்டும் கண்ணாடிப் பக்கமிருந்து தூக்கி முன்னால் கவிழ்க்கும்படி செய்து வைத்திருக்கிறான். நான் முன்னால் நின்று முக்கிக்கொண்டிருந்தேன், அக்கா வந்து பின்னாலிருந்து ஒரு விரலால் தூக்கிவிட்டுப் போனாள். அதன்பின் நீங்கள் செய்து காட்டுவீர்களே, அதேபோல ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி இன்ஜின் தலைமீது வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஆறு சிலிண்டரும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் ஒன்றின் உதறலை இன்னொன்று அடக்கிவிடும் என்று நீங்கள் விருந்தாளிகளைப் பிடித்து வைத்துச் சொல்வது நிஜம்தான் அத்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை, அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்தேன்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று தயிர் மாதிரி அப்பியிருக்கிறது. மூடியை அவசரமாகத் திரும்பத் திருகி மூடிவிட்டேன். ஏனென்றால் நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள், இந்த இன்ஜினின் தலை அலுமினியம், நீளமானது, ஒருதடவை சூடேறிக் கோணிக்கொண்டால் கேஸ்கட் போய்த் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும், அப்புறம் கதை முடிந்தது என்று. கதை முடிந்தது என்றே நினைத்தேன். கனவில் மருந்துக்கடைக்காரர் உங்கள் வண்டியில் ஏறி எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். விடிந்ததும் காதுக்காரரைக் கூப்பிட்டேன். திருப்புளியின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாரே, உங்கள் பழைய மெக்கானிக், அவர்தான்.

காதுக்காரர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார். ஆறும் அச்சாக ஒரே அளவு. கையோடு வால்வு இடைவெளியையும் சரிபார்த்தார். அதை இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டுமாம், நான் பத்து தடவை தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று உறுதி கொடுத்தேன். கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "எந்தப் புத்திசாலி சார் அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைக்கச் சொன்னது?" என்றார். நான் பெயர் சொல்லவில்லை அத்தான். அரைகுறைச் சூட்டில் அணைத்தால் உள்ளே வேர்க்கும், அந்த ஈரம்தான் எண்ணெயோடு சேர்ந்து வெள்ளையாகிறதாம். கேஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை, வண்டியை நல்ல சாலையில் ஒருமணி நேரம் விரட்டி, சூடேற்றி, பிறகு எண்ணெயை மாற்றினால் போதும் என்றார். பிளக் வயர்களையெல்லாம் மாட்டிவிட்டு, சாப்பிட்டு வந்து ஸ்டார்ட் செய்கிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் நான் யார் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பணிக்காலம் முழுக்க நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன். ஒரு புத்தகம் எண் மாறி நின்றாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆறு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றிச் சொருகியிருக்கும் வயர்களின் எண்களைப் பார்க்கிறேன், ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஐந்து, பிறகு மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. பசி அவசரத்தில் மனுஷன் கண்டபடி சொருகிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பாவம், வயதாகிவிட்டது, சொல்லிக்காட்ட வேண்டாம், நாமே சத்தமில்லாமல் திருத்திவிடுவோம் என்று எல்லாவற்றையும் பிடுங்கி ஒன்று முதல் ஆறு வரை அழகாக அடுக்கினேன். பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது. டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.

சத்தமில்லாமல் திருத்த நினைத்தேன் என்றேன் அல்லவா. சைலன்சர் வெடித்த சத்தத்தில் கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் இன்னும் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அதிர்ச்சியில் ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். தண்ணீர் முழுக்க என் சட்டையில். புகைக்கு நடுவே நான் நிற்கிறேன், அக்கா பீன்ஸ் நறுக்குகிற கத்தியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"டேய், ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலுடா. தீப்பொறி அந்த வரிசையிலதான் போகணும்" என்றாள். அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் எல்லோரையும்போல ஒன்று முதல் பத்து வரை எண்ண மாட்டீர்களாம், பல்லைக் கடித்துக்கொண்டு இதைத்தான் எண்ணுவீர்களாம். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாளாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

காதுக்காரர் வந்து வயரை மாற்றி, சைலன்சரையும் புதிதாகப் போட்டு, என்னிடம் மட்டும் பேசாமல் போனார். மறுபடி முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒருமணி நேர ஓட்டம் மட்டும் நடக்கவில்லை. என் உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது, தவிர ஸ்டியரிங்கை யாரும் தொடக்கூடாது என்பது உங்கள் கட்டளை. அதை நாங்கள் இருவரும் கடைசிவரை காப்பாற்றினோம். ஆகவே மூடியில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் அதைக் காரணம் காட்டி வண்டியை விற்றுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் புது மூட்டும் பழைய இன்ஜினும் நூறு வருடம் உரசாமல் ஓட வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்கு ஆசைப்படும்,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அக்கா படித்துவிட்டாள். "இவ்வளவு பொய்யை நான் கையில தூக்கிட்டுப் போக மாட்டேன்" என்கிறாள். ஆகவே திருத்தம். மூடியில் வெள்ளை இல்லை, துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. வண்டி கொட்டகையிலும் இல்லை. நீங்கள் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அக்கா பயிற்சிப் பள்ளியில் படித்து உரிமம் வாங்கி, இத்தனை வருடமும் புதுப்பித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். வெடித்த அன்று மாலையே சாவியை எடுத்தாள், அதன்பின் வாராவாரம் நெடுஞ்சாலையில் ஒருமணி நேரம். மடியில் பையை வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாளே, அவள்தானா இவள் என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. இப்போது மடியில் பையோடு பக்கத்தில் உட்காருவது நான். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் சின்ன வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை, அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். விற்பதற்கில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஓட்டுநர் கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதியதில் மட்டும் மாற்றமில்லை. நிமிர்ந்து பாருங்கள், கொடுத்தது அக்காதான், பின்னால் நிற்பது உங்கள் வண்டிதான். எதுவும் பேசாமல் பக்கத்து சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு.