விசுவமடுக் கல்லும் அரிய கனிம ஆய்வுக் குழுவும்

உலக விஞ்ஞான வரலாற்றை எழுதுபவர்கள் இனி விசுவமடுவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கிடைக்காத கோடையில், நாங்கள் 'அரிய கனிம ஆய்வுக் குழு'வை நிறுவினோம். தலைவர், உபதலைவி, செயலாளராகிய நான் எல்லாரும் தயார். கனிமம் ஒன்றுதான் குறைவு.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த யூலிற்றா அந்தக் குறையைத் தீர்த்தாள். தன் ஓலைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டும்போது உள்ளங்கை அளவில் ஒரு பச்சைக்கல் வந்தது. தலைவர் யோகநாதன் மாஸ்ரர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, கோர்னரூப்பீன் என்று அறிவித்தார். போரன் கலந்த சிலிக்கேற்று. பூமியின் அடியாழச் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பொறுமையாக விளைந்தது. அந்தப் பொறுமைக்கு மதிப்பளித்து, கிணறு வெட்டுவதை உடனே நிறுத்தினோம். குழியைச் சுற்றிப் புதுக் கயிறு கட்டி, 'ஆய்வுப் பிரதேசம்' என்று பலகையும் நட்டோம்.

"இன்னும் கொஞ்சம் வெட்டினால் தண்ணி வந்திடும் மாஸ்ரர். குளத்துத் தண்ணி குடிச்சுப் பிள்ளையளுக்கு வயித்தாலை போகுது," என்றாள் யூலிற்றா.

"கல்லின்ரை பூர்வீகம் தெரியாமல் மண்ணைக் கிளறக்கூடாது, பிள்ளை," என்றார் தலைவர்.

கூட்டம் கூடியது. இந்தக் கல்லுக்கு ஓர் உன்னத குணம்: ஒரு பக்கத்தால் பார்த்தால் பச்சை, இன்னொரு பக்கத்தால் கபிலம், அதாவது மண்ணிறம். தலைவருக்குப் பச்சை தெரிந்தது. எதிர்க் கதிரையில் இருந்த உபதலைவி பத்மாசனிக்குக் கபிலம் தெரிந்தது. கல்லைத் திருப்பினால் தீர்ந்துவிடும். ஆனால் தீர்மானம் இல்லாமல் கல்லைத் தொடக்கூடாது என்பது விதி. 'பச்சைக் கல்லைத் திருப்புவது' என்று தீர்மானம் எழுதுவதா, 'கபிலக் கல்லை' என்று எழுதுவதா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது.

அடுத்தது அடர்த்தி. அதற்குக் கல்லைத் தண்ணீருக்குள் விட்டு நிறுக்கவேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? யூலிற்றாதான் குளத்திலிருந்து சைக்கிளில் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கான் கட்டிக் கொண்டுவந்தாள். மிஞ்சியதைக் கொதிக்கவைத்து நாங்கள் தேத்தண்ணீர் குடித்தோம்.

"கல்லு குளிச்சு முடிஞ்சுதெண்டால் கானைத் தாங்கோ," என்றாள்.

பச்சைப் பிரிவுக்கும் கபிலப் பிரிவுக்கும் ஒருவரில் ஒருவர் நம்பிக்கை இல்லை. ஆகவே கல்லை யூலிற்றாவிடமே பாதுகாக்கக் கொடுத்துவிட்டு, அதற்கு யாருடைய பெயரைச் சூட்டுவது என்ற கூட்டத்துக்குப் போனோம். அது மாதக்கணக்கில் நீண்டது.

திரும்பிவந்தபோது கயிற்றைக் காணவில்லை. பலகை கிணற்றுக்கு மூடியாகியிருந்தது. ஆம், கிணறு. அயல் கொட்டில்காரர் கூடி வெட்டி முடித்திருந்தார்கள். கயிறு வாளியில் இருந்தது. வாளி தண்ணீரில் மிதந்து அடம்பிடிக்காமல் சரிந்து நிரம்புவதற்கு விளிம்பில் ஒரு பாரம் கட்டுவார்கள் அல்லவா? அங்கே, கம்பியால் இறுக்கி, எங்கள் கோர்னரூப்பீன்.

யூலிற்றா ஒரு செம்பு தண்ணீரை நீட்டினாள்.

"குடியுங்கோ மாஸ்ரர். கல்லு நல்லாத் தாழுது."

எல்லாரும் குடித்தோம். நல்ல தண்ணீர். அன்றே நான் இறுதி அறிக்கையை எழுதினேன்: எங்கள் குழுவில் உருப்படியாக வேலை செய்த ஒரே உறுப்பினர் அந்தக் கல்தான்.